அயர்லாந்துக் கிராமத்துக் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிப்பது எப்படி?

என் கணவரின் கொள்ளுத்தாத்தா பேட்ரிக், அயர்லாந்தின் மேற்கே மேயோ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) பிறந்தவர். இருபது வயதுவாக்கில் பிழைப்புக்காக மான்செஸ்டர் வந்துவிட்டார். வீட்டில் யாருக்கும் அவரைப் பற்றி இதற்கு மேல் தெரியாது. பள்ளியில் மகளை வம்சாவளி வரைந்து வரச் சொன்னார்கள். என் பக்கத்தில் நான்கு தலைமுறையை அம்மா ஒரே போனில் சொல்லி முடித்துவிட்டார். கணவர் பக்கம் பேட்ரிக்கோடு நின்றுபோனது. மகளின் முகம் வாடியதைப் பார்த்து, நான் தேடித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். பதினான்கு மாதம் பிடித்தது. அதில் ஏழு மாதம், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பேட்ரிக்கின் பின்னால் போயிருக்கிறேன்.

அந்த ஏழு மாதம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் கணவரோ மனைவியோ ஐரிஷ் வழியாக இருக்கலாம். அயர்லாந்தில் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் உதவி கேட்டிருக்கலாம். யாருக்காக என்றாலும் முதலில் இதை மனதில் வையுங்கள்: பெயரைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள். மேயோவில் தடுக்கி விழுந்தால் ஒரு பேட்ரிக். குடும்பப்பெயரும் அப்படித்தான்.

1. முதலில் வீட்டில் இருப்பதைத் திரட்டுங்கள்

கணினியைத் திறக்கும் முன் குடும்பத்தின் மூத்தவரிடம் போங்கள். கேள்வி கேட்டால் “எனக்கு ஒன்றும் தெரியாதும்மா” என்பார்கள். பழைய பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். என் மாமியார் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். ரேஷன் புத்தகம், ஜெபமாலை, இரண்டு ரசீதுகளுக்கு அடியில் உள்ளங்கை அளவில் கறுப்பு விளிம்பு போட்ட ஒரு அட்டை இருந்தது. ஐரிஷ் கத்தோலிக்கர்கள் இறந்தவருக்காக ஜெபிக்கச் சொல்லி அச்சிட்டு உறவினர்களுக்கு அனுப்பும் நினைவு அட்டை அது. பேட்ரிக்கின் அம்மாவுடையது. 1923 பிப்ரவரி என்ற தேதி, அதன் கீழே “காரோகீல், மேயோ கவுண்டி”. நூறு வருஷமாக டப்பாவில் கிடந்த அந்த ஒரு வரிதான் கடைசியில் எல்லாவற்றையும் திறந்தது. ஆனால் நான் அதை எட்டாவது மாதத்தில்தான் பார்த்தேன்.

குடியேறிய நாட்டின் ஆவணங்களை அடுத்து எடுங்கள். இங்கிலாந்துத் திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். பேட்ரிக்கின் 1910 சான்றிதழில் “தாமஸ், விவசாயி” என்றிருந்தது. இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பெரிதாக நம்பாதீர்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பலருக்கு வெறும் “அயர்லாந்து” என்றுதான் இருக்கும். அமெரிக்கா போனவர்கள் என்றால் இறப்புச் சான்றிதழ், குடியுரிமை மனு, கல்லறைக் கல், தேவாலயத் திருமணப் பதிவு ஆகியவற்றில் ஊர்ப்பெயர் சிக்க வாய்ப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை. நான் பணம் கட்டிச் சேர்ந்த ஒரு தளம், பேட்ரிக் என்று போட்டதுமே “இவர்தான் உங்கள் முன்னோர்” என்று ஆறு தலைமுறையை நீட்டியது. அப்பா பெயரும் தாமஸ். சந்தோஷத்தில் அப்படியே ஏற்றுக்கொண்டேன். அந்தப் பையன் நான்கு வயதில் இறந்துபோனவன் என்பது ஏழு மாதம் கழித்து இறப்புப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மற்றவர்கள் போட்டு வைத்த வம்சாவளியைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூல ஏட்டின் படத்தை நீங்களே கண்ணால் பார்க்கும் வரை எந்தப் பெயரையும் மரத்தில் ஏற்றாதீர்கள்.

2. டவுன்லேண்ட்: இது புரியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்

அயர்லாந்துக் கிராமப்புறத்தில் முகவரியே டவுன்லேண்ட்தான். பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரம் இல்லை. நம் ஊரில் கிராமத்துக்குள் வரும் குக்கிராமம் போன்ற ஒரு நிலப்பகுதி. சிலவற்றில் பத்து வீடுகூட இருக்காது. அயர்லாந்துத் தீவு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

ஒரே டவுன்லேண்ட் ஐந்து அடுக்குகளுக்குள் வரும்: சிவில் பேரிஷ் (அரசு ஆவணங்களில் வரும் பழைய நிலப்பிரிவு), பாரனி (கவுண்டியின் பழைய உட்பிரிவு), கவுண்டி, பதிவு மாவட்டம் (பிறப்பு, திருமணம், இறப்பு பதியும் எல்லை), கத்தோலிக்கப் பங்கு (தேவாலய எல்லை). இவற்றின் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. சிவில் பேரிஷுக்கு ஒரு பெயர், அதே இடத்தின் கத்தோலிக்கப் பங்குக்கு வேறு பெயர் என்று இருக்கும். பதிவு மாவட்டம் கவுண்டி எல்லையைத் தாண்டும். காசல்ரே பதிவு மாவட்டத்தில் ராஸ்காமன் ஊர்களும் உண்டு, மேயோ ஊர்களும் உண்டு. பாலஹடெரீன் என்ற ஊர் 1898 வரை மேயோவில் இருந்தது, இப்போது ராஸ்காமனில். ஆகவே ஒரு தாளில் டவுன்லேண்டோடு சேர்த்து இந்த ஆறு பெயர்களையும் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். சிவில் பேரிஷ், பாரனி, கவுண்டி மூன்றும் லாகின்ம், டவுன்லேண்ட்ஸ் ஆகிய இரண்டு இலவசத் தளங்களில் கிடைக்கும். லாகின்மில் ஐரிஷ் மொழிப் பெயரும் சேர்ந்து வரும்.

இன்னொரு பொறி: ஒரே பெயரில் பல ஊர்கள். காரோகீல் என்றால் ஐரிஷில் “ஒடுங்கிய கால்பங்கு நிலம்” என்று பொருள். அந்தப் பெயரில் மேயோவிலேயே பல இடங்கள் இருக்கின்றன. எது நம்முடையது என்று அடுத்த படியில்தான் முடிவானது.

3. 1901, 1911 கணக்கெடுப்பு: இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்

முழுதாகப் பிழைத்த பழைய கணக்கெடுப்புகள் இந்த இரண்டுதான். முந்தையவை எரிந்தும் கூழாக்கப்பட்டும் போயின, சில துண்டுகளே மிச்சம். 1921இல் எடுக்கவே இல்லை. 1926 ஏப்ரல் 18 கணக்கெடுப்புக்கு நூறாண்டு விதிப்படி பூட்டு திறக்கும் மாதம் 2026 ஏப்ரல். 1901ம் 1911ம் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். கையெழுத்துப் படிவத்தின் படமே கிடைக்கும்.

பெயர் போட்டுத் தேடாமல், கவுண்டி, டவுன்லேண்ட், குடும்பப்பெயர் மூன்றையும் போட்டுத் தேடுங்கள். எங்களுக்கு இரண்டு காரோகீல்களில் அந்தக் குடும்பப்பெயர் வந்தது. ஒன்றில் மட்டும் தாமஸ், அவர் மனைவி, 17 வயது பேட்ரிக் என மூவரும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தார்கள். மனைவியின் பெயர் நினைவு அட்டையில் இருந்ததோடு ஒத்துப்போனது. அன்று ராத்திரி கணவரை எழுப்பிக் காட்டினேன்.

குடும்பப் படிவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதோடு சேர்ந்த வீட்டுப் படிவத்தையும் தொழுவப் படிவத்தையும் திறங்கள். சுவர் எதனால் ஆனது, கூரை ஓலையா ஓடா, முன்பக்கம் எத்தனை ஜன்னல், எத்தனை அறை, மாட்டுக் கொட்டகை உண்டா, பன்றிக் கொட்டகை உண்டா என்று காவலர் வீடு வீடாகப் போய்க் குறித்திருப்பார். எங்கள் வீடு கல் சுவர், ஓலைக் கூரை, இரண்டு ஜன்னல், இரண்டு அறை. அந்த இரண்டு அறையில் ஒன்பது பேர். ஒரு மாட்டுக் கொட்டகை. குடும்பத் தலைவர் கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் “அவர் அடையாளம்”. மொழி என்ற கட்டத்தில் தாமஸுக்கு “ஐரிஷும் ஆங்கிலமும்”, பேட்ரிக்குக்கு எதுவும் எழுதவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஆங்கிலம் மட்டும் என்று பொருள்.

1911 படிவத்தில் கல்யாணமான பெண்களிடம் எத்தனை வருஷத் திருமண வாழ்க்கை, உயிரோடு பிறந்தவர்கள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். எங்களுக்கு 33, 9, 7. அதாவது திருமணம் 1878 அளவில். பட்டியலில் வராத இரண்டு பிள்ளைகளை இறப்புப் பதிவேட்டில் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

வயதை நம்பாதீர்கள். தாமஸுக்கு 1901இல் 55, 1911இல் 71. பத்து வருஷத்தில் பதினாறு வயது கூடியிருக்கிறது! 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை ஓய்வூதியம் வந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறை அது. பலருக்கும் வயது அப்போது சட்டென்று கூடியது. இதனால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. வயதை நிரூபிப்பதற்காக, அப்போது இன்னும் எரியாமல் இருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடச் சொல்லி ஆட்கள் விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் இருக்கின்றன, அதே தளத்தில் இலவசம். தாமஸின் படிவத்தில் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், டவுன்லேண்ட், “1851இல் வயது 5” என்ற குறிப்பு எல்லாம் இருந்தன. ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிட்டோம்.

4. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள்

அயர்லாந்தில் எல்லாருக்குமான பதிவு 1864 ஜனவரி 1இல் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் மட்டும் 1845 முதல். ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் நூறு வருஷம் கடந்த பிறப்புகள், 75 வருஷம் கடந்த திருமணங்கள், 50 வருஷம் கடந்த இறப்புகள் ஏட்டுப் பக்கத்தின் படமாகவே இலவசமாக இருக்கின்றன. இதே படங்களை விற்கும் இடங்களில் காசு கொடுக்காதீர்கள். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகள் என்றால் 1921 வரை இங்கேயே பாருங்கள். அதற்குப் பிந்தையவற்றுக்கு பெல்ஃபாஸ்டிலுள்ள பதிவு அலுவலகத்தின் தளத்தில் கட்டணம் உண்டு.

எந்த ஏட்டில் என்ன கிடைக்கும் என்று தெரிந்து போங்கள்:

பிறப்பு ஏட்டில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய இதை விட நல்ல கருவி இல்லை.

திருமண ஏட்டில் இரு பக்கத்து அப்பா பெயரும் இருக்கும். வயது என்ற இடத்தில் பெரும்பாலும் “முழு வயது” என்று மட்டும் எழுதியிருப்பார்கள், 21 கடந்தவர் என்று பொருள். திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில்தான் நடக்கும், அதனால் மாப்பிள்ளை ஊரிலேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் கிராமத்துக் கல்யாணங்கள் பிப்ரவரியிலும் அதை ஒட்டியும் குவியும். தாமஸின் கல்யாணமும் 1878 பிப்ரவரி கடைசியில்தான்.

இறப்பு ஏட்டில் பெற்றோர் பெயர் இருக்காது. பலர் இங்கே ஏமாந்து போகிறார்கள். ஆனால் தகவல் கொடுத்தவர் யார் என்று இருக்கும். 1923 இறப்பில் “மகன், இறக்கும்போது உடனிருந்தவர்” என்று பேட்ரிக்கின் தம்பி பெயர் இருந்தது. வீடும் நிலமும் அவருக்குத்தான் போயிருக்கிறது என்று அங்கேயே புரிந்தது.

பிறந்த தேதியையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் தேதியைத் தள்ளிச் சொல்வது வழக்கம். பேட்ரிக் 1884 மார்ச் 9இல் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார், பிறந்ததோ ஏப்ரல் 2 என்று பதிவாகியிருக்கிறது. பிழை என்று நினைத்து நான் ஒரு வாரம் குழம்பினேன்.

பெயர் எழுத்துகள் மாறும். ஓ, மக் போன்ற முன்னொட்டுகள் ஒரு ஏட்டில் இருக்கும், அடுத்ததில் விழுந்துவிடும். வால்ஷ், வெல்ஷ் இரண்டும் ஒன்றே. பிரிட்ஜெட், பிடி, டீலியா மூவரும் ஒரே பெண்ணாக இருக்கலாம். ஹனோரா என்பவர் நோராவாகவோ ஹனாவாகவோ வருவார்.

5. பங்குப் பதிவேடுகள்

1864க்கு முன்னால் போக ஞானஸ்நானப் பதிவேடுதான் வழி. தேசிய நூலகத்தின் தளத்தில் ஏறத்தாழ 1880 வரையிலான கத்தோலிக்கப் பதிவேடுகள் இலவசப் படங்களாக இருக்கின்றன. அந்தத் தளத்தில் பெயர்ப் பட்டியல் கிடையாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பட்டியல் வேண்டுமென்றால் ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி இரண்டிலும் உண்டு. கவுண்டி மையங்கள் சேர்ந்து நடத்தும் ரூட்ஸ் அயர்லாந்தில் இன்னும் நன்றாகப் படியெடுத்திருக்கிறார்கள், ஆனால் சந்தா உண்டு. குறுகிய காலச் சந்தா போதும். தேட வேண்டிய பெயர்களை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஓய்வான வார இறுதியில் கட்டி, ஒரே மூச்சில் முடியுங்கள். நான் ஆர்வத்தில் முதல் மாதமே கட்டினேன். ஊர் தெரியாமல் கட்டிய பணம், அப்படியே போனது.

பல பதிவுகள் லத்தீனில் இருக்கும். பாட்ரிஷியஸ் என்றால் பேட்ரிக், யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா உறவாக இருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் குழம்பும்போது இவர்கள்தான் பிரித்துக் காட்டுவார்கள். மேற்குப் பகுதியில் பல பங்குகளின் ஏடுகள் தாமதமாகவே தொடங்குகின்றன. ஏடு தொடங்கும் வருஷத்தை முதலில் பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

பெயர் வைக்கும் வழக்கமும் உதவும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பெயரன் என்பதே பேரன் ஆன மொழி நம்முடையது, இதை நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கண்டிப்பான விதி இல்லை, ஆனால் எங்கே தேடலாம் என்று காட்டும்.

6. நில ஆவணங்கள்

கிரிஃபித் மதிப்பீடு என்பது 1847 முதல் 1864 வரை வரி போடுவதற்காக வெளியான பட்டியல். நம் ஊர் அடங்கல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: யார் அனுபவம், யாரிடம் குத்தகை, எத்தனை ஏக்கர், என்ன மதிப்பு. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசம். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரோ பட்டப்பெயரோ போட்டிருப்பார்கள். அந்தச் சின்ன அடைப்புக்குறியைத் தவறவிடாதீர்கள், அது ஒரு தலைமுறைக்குச் சமம். இதற்கும் முந்தைய தசமபாகப் (தேவாலய வரி) பட்டியல் 1823 முதல் 1837 வரையிலானது, தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இருக்கிறது.

கிரிஃபித்துக்குப் பின் யார் கைக்கு நிலம் மாறியது என்பதைத் திருத்தப் புத்தகங்கள் சொல்லும். பழைய பெயரை வண்ண மையில் அடித்துப் புதுப் பெயரும் வருஷமும் எழுதியிருப்பார்கள். அடித்த வருஷத்தை ஒட்டி இறப்புப் பதிவைத் தேடினால் பெரும்பாலும் ஆள் கிடைத்துவிடுவார். தெற்குக் கவுண்டிகளின் புத்தகங்களுக்கு டப்ளினில் டால்டே ஏரன் என்ற அரசு நில அலுவலகத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வடக்கின் ஆறு கவுண்டிகளுக்கு பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத் தளத்திலேயே இலவசம். மேயோ போன்ற இடங்களில் 1891க்குப் பின் நிலங்களை மறுபடி பங்கிட்டு, குடும்பங்களை வேறு மனைக்கு மாற்றியிருக்கிறார்கள். கிரிஃபித் வரைபடத்தில் இருக்கும் வீடு பிந்தைய வீடாக இல்லாமல் போகலாம்.

7. செலவும் காலமும்

ஊர் தெரிந்த பிறகு, வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்தாலும் மூன்று மாதத்தில் 1840கள் வரை போகலாம். தெரியாவிட்டால் வருஷக் கணக்கு. பெரும்பாலான ஏடுகள் இலவசம். இணையத்தில் இல்லாத பதிவுக்கு ராஸ்காமனில் உள்ள தலைமைப் பதிவு அலுவலகத்தில் ஆராய்ச்சிக்கான நகல் 5 யூரோ, முத்திரையிட்ட சான்றிதழ் 20 யூரோ. வம்சாவளிக்கு நகலே போதும், எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். டிஎன்ஏ சோதனை செய்வதானால் குடும்பத்தின் மூத்தவரைச் செய்யச் சொல்லுங்கள். கொள்ளுத்தாத்தாவின் பங்கு என் கணவரிடம் எட்டில் ஒன்றுதான், மாமியாரிடம் நாலில் ஒன்று.

ஐரிஷ் பாஸ்போர்ட்டுக்காகத் தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால்தான் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேர்ந்து குடியுரிமை பெறலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 278 யூரோ. கொள்ளுத்தாத்தா பிறந்தார் என்பதால் மட்டும் கிடைக்காது. நீங்கள் பிறக்கும் முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ அதில் பதிந்திருக்க வேண்டும். என் மாமியாருக்கு உரிமை உண்டு, என் கணவருக்கு இல்லை. இதற்கு மட்டும் முத்திரையிட்ட சான்றிதழ்களே வேண்டும்: தாத்தாவின் பிறப்பு, திருமணம், இறப்பு, அப்புறம் அடுத்த தலைமுறையின் பிறப்பு, திருமணம், கடைசியில் உங்களுடையது. கட்டணம் மாறக்கூடியது, அனுப்பும் அன்று வெளியுறவுத் துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. நேரில் போவதானால்

எல்லாம் முடித்த பிறகு போங்கள். நாக் விமான நிலையம் மேயோவுக்குள்ளேயே இருக்கிறது. டவுன்லேண்டுக்குப் பேருந்து போகாது, கார் வாடகைக்கு எடுக்க வேண்டும். கிளம்பும் முன் அயர்லாந்து ரீச்சிங் அவுட் என்ற இலவச அமைப்பில் உங்கள் பேரிஷைக் குறிப்பிட்டு எழுதிப் போடுங்கள். உள்ளூர்த் தொண்டர்கள் பதில் தருவார்கள். கிரிஃபித் வரைபடத்தையும் 1911 படிவத்தையும் பெரிய அளவில் அச்சடித்துக் கையில் வையுங்கள், போன் திரையில் பெரியவர்களுக்குத் தெரியாது. ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் தேவாலய வாசலில் நிற்பது நல்லது. அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் கால் வைக்காதீர்கள், கேட்டைத் திறந்தால் உடனே மூடுங்கள், மாடு வெளியே போய்விடும்.

எங்களுக்கு அப்படித்தான் ஒரு விவசாயி கிடைத்தார். வரைபடத்தைக் கார் பானெட்டில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எங்கள் மனை எண்ணின் மேல் விரலை வைத்தார். பிறகு வேலிக்கு அப்பால் முள்செடி மூடிய ஒரு கல் சுவரைக் காட்டினார். கூரை இல்லை. முன்பக்கம் இரண்டு ஜன்னல் ஓட்டைகள். மாமியார் கேட்டைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார், மகள் பையிலிருந்து வம்சாவளித் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.